முனையிலிருந்து எவ்வளவு தொலைவு?

இருபடிச் சார்பு ஒன்றைக் கொடுத்து, இரண்டு இடங்களில் அதன் மதிப்புகளை ஒப்பிடுக என்று வினாத்தாள் கேட்டால், நம்மில் பெரும்பாலோர் உடனே எண்களைப் பிரதியிட்டுப் பெருக்கத் தொடங்கிவிடுகிறோம். விடை வந்துவிடும், ஆனால் அது ஏன் விடையாயிற்று என்பது விளங்காது. சார்பில் ஓர் எண் மறைக்கப்பட்டிருந்தாலோ இவ்வழி நடுவிலேயே நின்றுவிடும். அங்கே கைகொடுப்பது பரவளையத்தின் சமச்சீர்மை.

மாறியை ய எனவும், சார்பை ச(ய) எனவும் கொள்வோம்.

ச(ய) = 3ய² − 42ய + ம

ம என்பது நமக்குத் தெரியாத மாறிலி. ச(−93), ச(108) ஆகிய இரண்டில் எது பெரியது? வர்க்கப் பூர்த்தி செய்தால்,

ச(ய) = 3(ய − 7)² + (ம − 147)

எனக் கிடைக்கும். வர்க்கத்திற்குள் சென்றதும் மிகை, குறை என்ற வேற்றுமை மறைகிறது. எனவே மதிப்பைத் தீர்மானிப்பது, 7 என்னும் இடத்திலிருந்து ய எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது மட்டுமே. −93 இன் தொலைவு 100. 108 இன் தொலைவு 101. ஆகவே ச(108) பெரியது. வேறுபாடு 3(101² − 100²) = 603. ம தெரியாமலேயே இவ்வளவும் கூற முடிந்தது!

பொதுவாக, ச(ய) = கய² + பய + ம எனில், சமச்சீர் அச்சு ய = −ப/2க. க மிகை எண்ணானால் முனையே மிகத் தாழ்ந்த புள்ளி. அச்சிலிருந்து விலக விலக மதிப்பு கூடும். க குறை எண்ணானால் முனையே மிக உயர்ந்த புள்ளி. விலக விலக மதிப்பு குறையும். க-வின் குறியைப் பாராமல் தொலைவை மட்டும் பார்த்தால் விடை தலைகீழாகிவிடும் என்பதை மாணவ நண்பர்கள் மறத்தலாகாது.

கெழு ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் வழியுண்டு. ஓர் இருபடிச் சார்பில் ச(2) = ச(10) என்றும், ச(6) அவற்றினும் சிறியது என்றும் மட்டும் தரப்பட்டுள்ளன எனக் கொள்வோம். சம மதிப்புகளுக்கு நடுவே அச்சு அமைவதால் அது ய = 6. முனை தாழ்ந்திருப்பதால் க மிகை. 5, 0, 13 ஆகியவற்றின் தொலைவுகள் முறையே 1, 6, 7. எனவே ச(5) < ச(0) < ச(13).

இக்கருத்து மிகப் பழமையானது. 37 × 63, 41 × 59 என்னும் பெருக்கற்பலன்களுள் பெரியது எது? இரண்டிலும் கூட்டுத்தொகை 100. ஆகவே இவை ய(100 − ய) என்னும் சார்பின் இரு மதிப்புகள். அச்சு 50, முதற்கெழு குறை எண். 50-க்கு அருகிலுள்ள 41 வெல்கிறது. சரிபார்த்தால், 2500 − 169 = 2331; 2500 − 81 = 2419. கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட், தம் நூலின் இரண்டாம் பகுதி ஐந்தாம் தேற்றத்தில், இந்த உண்மையைச் செவ்வகத்தையும் சதுரத்தையும் கொண்டு வடிவியல் முறையில் நிறுவியுள்ளார்.

ஓர் எச்சரிக்கை: முப்படிச் சார்பின் வரைபடத்திற்கு இத்தகைய நிலைக்குத்துச் சமச்சீர் அச்சு கிடையாது. எனவே இம்முறையை அங்கே கொண்டுசெல்லுதல் பிழையாகும்.

ஆகவே, இருபடிச் சார்பைக் கண்டதும் பேனா பெருக்கத் தொடங்குமுன் மூன்று வினாக்கள் எழட்டும்: அச்சு எங்கே? முதற்கெழுவின் குறி என்ன? எந்தப் புள்ளி அச்சுக்கு அருகில் உள்ளது? விடை பெரும்பாலும் அங்கேயே காத்திருக்கும்.