கடைக்கால் தோண்டும் முன்: காஞ்சிபுரம் தெருக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் வெயில் ஏறுவதற்குள் பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துச் சீர்செய்து முடித்துவிடுவார்கள். அந்தத் தெருமுனையில் ஒரு தங்கும் விடுதியோ திருமண மண்டபமோ வந்தால் கார்கள் எங்கே நிற்கும், பாவை எங்கே விரிப்பது? கட்டட அனுமதிப் படிவத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. தெருக்காரர்கள்தான் கேட்க வேண்டும். நாமோ பில்லர் எழும்பிய பிறகு மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அந்த நேரத்தில் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் கோப்பு மூடியிருக்கும். அதனால் காகிதத்தில் இருக்கும்போதே ஒரு திட்டத்தைப் படிக்கப் பழக வேண்டும்.

படி 1: ஆள் சேர்ப்பது

பத்துப் பேர் போதும். தறி போடுகிறவர் ஒருவர், பத்திரம் எழுதத் தெரிந்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற சர்வேயரோ சிவில் படித்த பிள்ளையோ ஒருவர், பகலெல்லாம் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேர். கடைசியாகச் சொன்னவர்களைத்தான் பல குழுக்கள் மறந்துவிடுகின்றன. தண்ணீர் லாரி எந்த வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சங்கமாகப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு உறுப்பினர்கள் வேண்டும். ஆனால் ஆட்சேபம் தெரிவிக்கப் பதிவு கட்டாயமில்லை; எந்த ஒரு தனிநபரும் எழுதலாம். பதிவை விட முக்கியம், குழுவில் மனைத் தரகு செய்கிறவர் இருந்தால் அவர் அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது. சொல்லட்டும், அவரை வெளியேற்ற வேண்டாம். அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

படி 2: எந்தக் கோப்பு, எந்த அலுவலகம்

பெரும்பாலான மனுக்கள் வீணாவது இங்கேதான். மூன்று வகைக் கோப்புகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாவது, முழுமைத் திட்டம். எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது விவசாயம் என்று ஊரையே வகைப்படுத்துவது. 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, இதன் வரைவு தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வர வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். நேரில் பேச விரும்புவதாகக் கேட்டவர்களுக்கே விசாரணை வாய்ப்பு உண்டு. ஆகவே மனுவின் கடைசி வரியில் ‘நேரில் விளக்க வாய்ப்பு வேண்டுகிறோம்’ என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது, நில வகைப்பாடு மாற்றம். வயலாகக் குறிக்கப்பட்ட ஒரு சர்வே எண்ணை வணிகமாக மாற்றக் கேட்பது. அதே சட்டத்தின் 32-ஆவது பிரிவு முழுமைத் திட்டத்தை இப்படி மாற்ற வழி தருகிறது. நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அறிவிப்பு வரும். அதில் சொன்ன கெடுவுக்குள் எழுதியாக வேண்டும். பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு 2022-ல் வந்தபின் இந்தப் பக்கத்து நிலத்தின் மீது எல்லோர் கண்ணும் விழுந்திருக்கிறது. குழுவில் ஒருவர் தினமும் இரண்டு நாளிதழ்களின் அறிவிப்புப் பக்கத்தைப் படிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் குழுவின் பாதி பலம் அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, தனிக் கட்டடத்துக்கான திட்ட அனுமதி. இதற்குப் பொதுவாக அக்கம்பக்கத்தாரைக் கேட்கும் நடைமுறை கிடையாது. விதிக்குப் பொருந்தினால் அனுமதி உண்டு. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் தரைத்தள, ஒருமாடி வீடுகளுக்குச் சுயசான்றிலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. இதை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம். தறிக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று மேலே ஒரு அறை எழுப்புவதற்கும் அதே வழிதான். இங்கே குழு பார்க்க வேண்டியது ஒன்றே: கொடுத்த அனுமதிப்படிதான் கட்டுகிறார்களா?

சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கும் ஆணை 2022-ல் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டப் பகுதிகளும் அதில் அடங்கும். ஆகவே உங்கள் கோப்பு உள்ளூர் திட்டக் குழுமத்திடம் இருக்கிறதா, பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமா, மாநகராட்சியிடமா என்று முதலில் எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மனுநாளில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. அந்த மனு ஊர் சுற்றிவிட்டு முடிவில் இதே அலுவலகங்களில் ஒன்றுக்குத்தான் வரும், கெடு முடிந்த பிறகு.

படி 3: தெருவை அளந்து வைப்பது

பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914–15-ல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். காஞ்சிபுரத்தின் கோயிலும் வீதியும் வீடும் இணைந்திருந்த விதம் அவரை மிகவும் கவர்ந்தது. முதலில் ஊரை நடந்து பார், பிறகு திட்டம் போடு என்பதுதான் அவர் எங்கும் வற்புறுத்தியது. நாமும் அதையே செய்யலாம், ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு.

ஒரு ஞாயிறு காலை போதும். தெருவின் அகலத்தை மூன்று இடங்களில் அளந்து குறியுங்கள். மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் நிற்கும் இடத்தைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். பாவு விரிக்கும் நீளம் எங்கிருந்து எங்குவரை, மழைநீர் எந்தப் பக்கம் ஓடி எந்தக் கால்வாயில் சேர்கிறது, மஞ்சள்நீர்க் கால்வாயா வேகவதியா என்று எழுதுங்கள். வைகாசி கருட சேவையில் வரதர் குடையோடு வரும் வழியில் உங்கள் தெரு இருந்தால் பால்கனி எவ்வளவு நீட்டலாம் என்பதும் ஒரு கேள்வி. 2019-ல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் உங்கள் தெருவில் கூட்டம் எப்படி நகர்ந்தது, வண்டிகள் எங்கே நின்றன என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த தரிசனம் 2059-ல். அதற்குள் ஊரில் என்னென்ன விடுதிகள் எழும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

குழித்தறி உள்ள வீடுகளைக் கட்டாயம் குறியுங்கள். தறிக்காரர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழி அது. சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் நான்கு விரற்கடை உயர்ந்தால், பத்தாண்டில் வாசற்படி தெருமட்டத்துக்குக் கீழே போய்விடும். ஐப்பசி மழையில் தண்ணீர் முதலில் நிறைவது அந்தக் குழியில்தான். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே சுற்றறிக்கை அனுப்பினார். மாநகராட்சியின் சாலைத் திட்டத்தையும் குழு படிக்க வேண்டியது இதனால்தான்.

படி 4: கோயில் எல்லையைச் சரிபார்ப்பது

கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள், முக்தீஸ்வரர், மதங்கீஸ்வரர் கோயில்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு முன்அனுமதி பெற்றே கட்டலாம். தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட பகுதியின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்.

ஏகாம்பரநாதரும் வரதரும் காமாட்சியும் இந்தப் பட்டியலில் இல்லை. அவை இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்கள். ஊரின் மிகப் பெரிய கோயில்களைச் சுற்றி இந்த 300 மீட்டர் விதி பாயாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997-லேயே அரசாணை போட்டார்கள். முழுமைத் திட்டத்துக்கு யோசனை கேட்கும்போது அதை முன்மாதிரியாகக் காட்டலாம்.

படி 5: ஆட்சேபம் எழுதுவது

‘தெருவின் அமைதி கெடும்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. முதல் பத்தியில் வார்டு, பிளாக், நகர நில அளவை எண். அடுத்து அறிவிப்பு வந்த நாளிதழும் தேதியும். பிறகு அளவு: ‘மனைக்கு முன் தெரு அகலம் 5.2 மீட்டர், கம்பம் உள்ள இடத்தில் 4.6 மீட்டர், படம் இணைத்துள்ளோம்.’ அதன்பின் விதி. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளில் சாலை அகலம், வாகன நிறுத்தம், பக்கவாட்டு இடைவெளி எல்லாம் இருக்கின்றன. 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். சாலை 12 மீட்டராவது வேண்டும். கடைசியில் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்: நிராகரிக்க வேண்டுமா, நிபந்தனையோடு அனுமதிக்கலாமா?

என் எண்ணத்தில், நிபந்தனை கேட்கும் மனுவுக்கே அதிகாரி காது கொடுப்பார்.

ஒரிக்கை, செவிலிமேடு பக்கம் பெரிய மனைப்பிரிவு வந்தால் திறந்தவெளி ஒதுக்கீட்டைப் பாருங்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தை நிலமாகவே தானம் எழுதித் தர வேண்டும்; பணமாகக் கட்டித் தப்ப முடியாது. அந்த இடம் வரைபடத்தில் உபயோகமற்ற மூலையில் தள்ளப்பட்டிருந்தால் அதுவே ஒரு ஆட்சேபம்.

பட்டா, அ-பதிவேடு விவரங்களை அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். கிடைக்காத வரைபடத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்: பத்து ரூபாய், முப்பது நாள்.

படி 6: கவுன்சிலரும் பகுதி சபையும்

காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சியானது, 51 வார்டுகள். தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று தொடங்கின. கிராம சபை போல நகரவாசிக்கும் ஒரு மேடை. குடிநீரும் குப்பையுமே பேசி முடிந்துவிடும். நில வகைப்பாடு பற்றிய பேச்சை நீங்கள்தான் எடுக்க வேண்டும், அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். ஏகனாபுரம் கிராம சபை பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டது. திட்டம் நிற்கவில்லை. ஆனாலும் அந்த ஊரின் நிலைப்பாடு என்ன என்று இன்று யாரும் சந்தேகமாகப் பேச முடியாது.

படி 7: வேலை தொடங்கிய பிறகு

அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் கடைசிவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அதைப் பாருங்கள், படமெடுங்கள், தளம் எழும்பும்போது ஒப்பிடுங்கள். மீறல் இருந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளைக் குறிப்பிட்டு ஆணையருக்குப் பதிவு அஞ்சல் அனுப்புங்கள். முதல் பிரிவு அகற்றுவதற்கு, இரண்டாவது வேலையை நிறுத்துவதற்கு.

இப்படிக் காகிதம் சேர்த்தவர்கள் ஜெயித்ததும் உண்டு. சென்னையின் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப், விதிமீறல்களுக்கு அதே சட்டத்தின் 113-ஆவது பிரிவின் கீழ் அரசு அளித்த 62 விலக்கு ஆணைகளை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனது. 2000-ல் நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது. ஆனால் ஆணைகளை ரத்து செய்தது. காரணம் சொல்லாமல் விலக்கு கொடுத்ததுதான் அவற்றைக் கவிழ்த்தது. உங்கள் ஊரில் ஏதாவது கட்டடத்துக்கு விலக்கு என்று கேள்விப்பட்டால், ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.