பீரோவில் தூங்கும் கோட்டு

ஓசூர்,
மார்கழி, ஞாயிறு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே விடியற்காலையில் சந்திரசூடேஸ்வரர் மலை பனியில் மறைந்துவிடுகிறது. எட்டு மணிக்குத்தான் கோபுரம் கண்ணில் படுகிறது. உன் அத்தை காதில் துணி கட்டாமல் வாசல் தெளிக்கப் போவதில்லை.

போன வாரம் போனில், "மாமா, ரிசப்ஷனுக்கு எடுத்த கோட்டு ரெண்டு வருஷமா பீரோவிலேயே தொங்குது. சும்மா வெளியே போறப்ப போட்டா ஜனங்க என்ன நினைப்பாங்க?" என்று கேட்டாய். கடையில் ஆள் நின்றதால் "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷமாகக் கோட்டு வெட்டுகிறவனிடம் கேட்டிருக்கிறாய். விவரமாகச் சொல்வதுதான் முறை.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் ஆகிற பையன்கள் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துக் கோட்டு எடுக்கிறார்கள். மூன்று மணி நேரம் மேடையில் நிற்கிறார்கள். அப்புறம் பாச்சை உருண்டை போட்டு உள்ளே வைத்துவிடுகிறார்கள். நல்ல துணியும் ஒருவன் உழைப்பும் அப்படி வீணாவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோட்டு நமக்கு வேற்று உடுப்பு என்கிற கூச்சத்தை முதலில் விடு. பாரதியார் படத்தைப் பார்த்திருக்கிறாய். உ.வே.சாமிநாதையர் படத்தையும் பார்த்திருப்பாய். தலைப்பாகை, உடம்பில் கோட்டு. அந்தக் காலத்து வாத்தியார்களும் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வேட்டிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார்கள். விசேஷத்துக்கு என்று எடுத்துவைத்த உடுப்பு இல்லை அது.

நான் தொழில் பழகிய நாளில் கெலமங்கலம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எங்கள் மாஸ்டரிடம் தைக்க வருவார். கழுத்துவரை பட்டன் போட்ட குளோஸ் கோட்டு, பருத்தித் துணி, லைனிங் கிடையாது, பை மட்டும் நாலு வேண்டும். அதைப் போட்டுக்கொண்டுதான் சந்தைக்குப் போவார், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், திண்ணையில் பேப்பர் படிப்பார். ஒருநாள் நான் வாய்விட்டுக் கேட்டேன், ஏன் எப்போதும் கோட்டு என்று. "காலையில குளிருதுப்பா. கண்ணாடி, பேனா, சில்லறை எல்லாம் வைக்க இடம் இருக்கு" என்றார். அவ்வளவுதான் காரணம். கோட்டை எப்போது சாதாரணமாகப் போடலாம் என்று யார் கேட்டாலும் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. போடுகிறவனுக்கு அது உபயோகப்பட வேண்டும். போட்ட பத்தாவது நிமிஷம் அவனுக்கே அது மறந்துபோக வேண்டும்.

சீமையிலும் கதை அதுதான். பிளேசர் என்று இன்றைக்குக் கடையில் விற்கிறார்களே, அது 19-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் படகு வலித்த மாணவர்கள் போட்ட செக்கச்சிவந்த மேலுடுப்பு. கோட்டின் பின்பக்கம் இருக்கிற வெட்டு, குதிரைமேல் உட்காரும்போது துணி மடங்காமல் இருபுறமும் விழுவதற்காக வந்தது. அசைந்து வேலை செய்தவர்கள் உடுத்திய உடுப்பை நாம் மேடையில் அசையாமல் நிற்பதற்கென்று ஆக்கிவிட்டோம்.

அடுத்தது இடம். நீ இருப்பது கிருஷ்ணகிரி, நான் இருப்பது ஓசூர். நடுவில் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளி இன்னும் குளிர். வெள்ளைக்காரன் அதைக் குட்டி இங்கிலாந்து என்றானாம். சூளகிரி தாண்டி உன் ஊர்ப் பக்கம் மேலுமலை இறங்கினால் காற்றே வேறு. ஓசூரில் ஜூலையில்கூட சாயந்திரம் மெல்லிய கோட்டு ஒன்று சுகமாக இருக்கும். அதே கோட்டோடு ஏப்ரல் மாதம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றால் உடம்பு தெப்பமாகிவிடும். வக்கீல்களுக்கே கோடைக்காலத்தில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் தவிர மற்றக் கோர்ட்டுகளில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. தொழிலுக்கே உரிய உடுப்புக்கு வெயில் விலக்கு தருகிறபோது, நீ கோடையில் உன்னை வருத்திக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. உன் ஊரில் ஐப்பசி முதல் மாசி வரை, அதுவும் காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடு. ஓசூருக்கோ, அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கோ வருகிற நாளில் தாராளமாகப் போட்டுக்கொண்டு வா.

இனி துணி. இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ரிசப்ஷன் கோட்டு பளபளப்பான துணியில் இருக்கும். மேடை விளக்குக்கு அது எடுக்கும், பகல் வெளிச்சத்தில் எடுபடாது. தினப்படிக் கோட்டின் துணி வெளிச்சத்தை உள்ளே வாங்க வேண்டும். பருத்தி, லினன், கனமான கதர், குளிருக்குக் கார்டுராய், இல்லாவிட்டால் மெல்லிய கம்பளி. சீர்சக்கர் என்று ஒரு பருத்தித் துணி உண்டு. ஒரு வரி வழவழப்பு, ஒரு வரி சுருக்கம் என்று மாறிமாறி வரும். அந்தப் பெயருக்குப் பாரசீகத்தில் பாலும் சர்க்கரையும் என்று பொருள். நம் நாட்டிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வெளியே போன துணி அது. அந்தச் சுருக்கம் தோலோடு ஒட்டாது. காற்று உள்ளே போகும். கிருஷ்ணகிரிக்கு அதைவிட நல்ல கோட்டுத் துணி எனக்குத் தெரியாது. நிறம் நீலம், பழுப்பு, சாம்பல், ஆலிவ் இவற்றில் ஒன்று போதும்.

தைக்கக் கொடுக்கும்போது லைனிங்கை முதுகில் பாதியோடு நிறுத்தச் சொல். தோளில் பஞ்சு வேண்டாம், இருந்தாலும் மெல்லிசாக. பைகளை மேலே வைத்துத் தைக்கச் சொல். சட்டைப் பை மாதிரி வெளியே தெரிகிற பை வந்தாலே கோட்டின் விறைப்பு பாதி போய்விடும். உள்ளே பசை போட்ட ஃபியூசிங்கா, தைத்த கான்வாஸா என்று கேள். மட்டமான ஃபியூசிங் வியர்வையிலும் சலவையிலும் பிரிந்து, மார்பில் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். அப்புறம் எந்தத் தையற்காரனாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ரெடிமேட் வாங்கினால் தோளை மட்டும் பார். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், தோளைத் தொட்டால் கோட்டையே பிரிக்க வேண்டியிருக்கும். போட்டுக்கொண்டு கையைத் தூக்கி பஸ் கம்பியைப் பிடிப்பது போல நில். கோட்டு முழுசாக மேலே ஏறி வந்தால் அக்குள் வெட்டு ரொம்பக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அதை வாங்காதே.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெஷின் இருக்கிற இடத்துக்குக் கோட்டோடு போகாதே. என்னிடம் தைத்த பையன் ஒருவன், அவன் தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்த நாளில் கோட்டோடு மெஷின் பக்கம் போய் ஏதோ காட்டியிருக்கிறான். சுற்றுகிற தண்டில் கைப்பட்டன் மாட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்தவர் சுவிட்சை அணைத்ததால் கை தப்பியது. தோளிலிருந்து கிழிந்து தொங்கிய கோட்டுக் கையைத் தைத்துத் தரச் சொல்லி வந்தான். தைத்தேன், காசு வாங்க மனம் வரவில்லை. ஓடுகிற இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்கிறவர் உடம்பை ஒட்டிய உடைதான் அணிய வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். குருபரப்பள்ளியில் நீ தரம் பார்க்கிற வேலையில் இருந்தாலும் ஒரு நாளைக்கு நாலு தடவை மெஷின் லைனுக்குள் போகிறவன். கோட்டு ஆபீஸ் நாற்காலியிலேயே இருக்கட்டும்.

பைக்கிலும் போடாதே. முதுகுப் பையின் பட்டை தோளைத் தேய்த்து மினுமினுப்பாக்கிவிடும். ஒரு தோளை உட்புறமாகத் திருப்பி, மறு தோளை அதற்குள் நுழைத்து, லைனிங் வெளியே வரும்படி மடித்துப் பைக்குள் வை. இறங்கியதும் உதறிப் போட்டுக்கொள்ளலாம்.

இனி, எங்கெல்லாம் போடலாம்? பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சாப்பிடப் போகிறாயா, புத்தகக் கூட்டமா, பேங்கில் வீட்டுக் கடன் கேட்கப் போகிறாயா, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறாயா, சாயந்திரம் நண்பன் வீட்டில் பிறந்த நாளா, எல்லாவற்றுக்கும் சரி. டை வேண்டாம். உள்ளே காலர் சட்டையோ, மெல்லிய டி-ஷர்ட்டோ போதும். கோட்டின் நிறமும் பேண்ட்டின் நிறமும் ஒன்றாக இருக்கக் கூடாது. கீழ்ப் பட்டனைத் திறந்தே விடு. ஆலன் சாலி என்கிற பிராண்டு 1993-இல் இங்கே வந்து, வெள்ளிக்கிழமை உடுப்பு என்று சொல்லி ஆபீஸ்காரர்களின் டையைக் கழற்ற வைத்தது. அதற்கப்புறம்தான் பெங்களூர்ப் பையன்கள் டை இல்லாத கோட்டுக்காக என்னிடம் வர ஆரம்பித்தார்கள்.

கோயிலுக்கும் முகூர்த்தத்துக்கும் வேட்டிதான். துக்க வீட்டுக்குக் கோட்டு கூடவே கூடாது. பந்தியில் உட்காருமுன் கழற்றி நாற்காலியில் மாட்டிவிடு. தேன்கனிக்கோட்டையில் உன் பாட்டி தரையில் உட்கார்ந்து களி உருட்டிப் போடுகிற இடத்துக்கும் வேண்டாம். அவள் உன்னிடம் தள்ளி உட்கார்ந்து பேசும்படி எந்த உடுப்பும் செய்யக் கூடாது.

அதேபோல, கோட்டு போட்டால்தான் மரியாதை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. ஓசூரை ஒட்டின தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, கதர் வேட்டியும் துண்டுமாக இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். வேட்டி கட்டியதற்காக ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப் வாசலில் நிறுத்தினார்கள், 2014-இல். அப்படி நிறுத்துவதற்கு அதே வருஷம் நம் சட்டமன்றம் தடைச் சட்டம் போட்டது. உடுப்பை வைத்து ஆளை அளப்பவர்கள் பக்கம் நீ நிற்காதே.

கடைசியாக உன் கோட்டு. கல்யாண வீடியோவில் இன்று மறுபடி பார்த்தேன். கருநீலம், உடம்புத் துணி பரவாயில்லை, ஆனால் காலர் மடிப்பில் சாட்டின் மினுங்குகிறது. பட்டனும் தங்க நிறம். சாட்டினைப் பிரித்து அதே நீலத்தில் மங்கலான துணி வைத்துவிடலாம், பட்டனைக் கொம்புப் பட்டனாக மாற்றலாம். அப்படிச் செய்தால் சாயந்திர நேரத்துக்கு அது உனக்கு நாலைந்து வருஷம் உழைக்கும். பகலுக்கு வேறு ஒன்று வேண்டும். இரண்டேகால் மீட்டர் துணி போதும். கதரிலோ சீர்சக்கரிலோ நீயே எடுத்துக்கொண்டு வா. தையல் கூலி பேச்சை எடுக்காதே.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. வரும்போது கோட்டைச் சலவைக்குக் கொடுக்காமல், இருக்கிறபடியே கொண்டுவா. சலவை செய்தால் தோள் எங்கே இழுக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

உன் தாய்மாமன்.