மின்னலும் நல்லறிவும்



கார்மேகம் திரண்டு மின்னல் வெட்டும்போது நெஞ்சம் நடுங்காதார் யார்? அவ்வச்சத்திலும் வியப்பிலும் பிறந்தவையே பழங்கதைகள். வேதகாலத்தார் மின்னலை இந்திரனின் வச்சிராயுதம் என்றனர். கிரேக்கர் ஜீயஸ் தேவன் எறியும் படைக்கலம் என்றனர். இடி முழங்கினால் நம் பாட்டிமார் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று கூவக் கேட்டே நாமும் வளர்ந்தோம்.

கற்பனை குற்றமன்று. ஆனால், “பாவியின் தலையில்தான் இடி விழும்” என்னும் சொல் மாண்டவனையே குற்றவாளியாக்குகிறது. இதனை நாம் ஆராய வேண்டும்.

மேகத்துள் பனித்துகள்கள் மோதுவதால் மின்னூட்டம் பிரிகிறது. அது பாய்வதே மின்னல். அது மின்சாரமே என்பது, பெஞ்சமின் பிராங்கிளின் வகுத்த சோதனையின்படி 1752-இல் பிரான்சில் மெய்ப்பிக்கப்பட்டது. மின்னல் பாவத்தை அறியாது. உயர்ந்து நிற்பதையே பெரிதும் தாக்கும். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்டோர் இதனால் மடிகின்றனர். அவருள் மிகப்பலர் வயல்வெளியில் உழைப்போர். அவர் செய்த பாவம் யாது? மழைக்காலத்திலும் திறந்தவெளியில் பாடுபட்டதே!

நாம் உழைத்த பஞ்சாலையின் புகைபோக்கி உச்சியில் இடிதாங்கி இருந்தது. ஆலையைக் காத்தது முதலாளியின் புண்ணியமன்று. மண்ணுக்குள் இறங்கிய உலோகக் கம்பியே.

பௌத்தர் வச்சிரம் என்னும் சொல்லைத் தள்ளிவிடவில்லை. அறியாமையைப் பிளக்கும் ஞானத்துக்கு அதனைப் பெயராக்கினர். அந்த ஞானத்தை நாமும் கைக்கொள்வோம். இடியோசை கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல், வயலில் நிற்போரையும் அழைத்துக்கொண்டு கட்டடத்துள் புகுவோம். அறிவும் கருணையும் அதுவே.