கொம்பும் காலும் தெரிந்தவரைத் தேடுங்கள்

நான்காம் வகுப்புப் பையன். 'தொட்டி' என்றால் 'தெட்டி' என்று எழுதுவான். 'கோழி' அவன் நோட்டில் 'கேழி' ஆகிவிடும். கொம்பு சரியாக விழுந்துவிடும், எழுத்துக்குப் பின்னால் வரவேண்டிய கால் விட்டுப்போகும். புள்ளி ஓர் எழுத்து தள்ளிப் போய் உட்காரும். அதே பையனைக் கதை சொல்லச் சொன்னால் வகுப்பே வாய்பிளந்து கேட்கும். அவன் ஆசிரியை அந்த நோட்டை என் மேசையில் வைத்து, "இவனுக்கு நான் என்ன சார் செய்யணும்?" என்று கேட்டார். தலைமை ஆசிரியராக இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது நான் செய்தது, காசு கொடுத்து ஒருநாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது. காலை 10 மணிக்குத் தொடங்கிய பயிற்சியில் திரையில் படங்கள் ஓடின. ஆங்கில 'பி', 'டி' எழுத்துகளைக் குழந்தைகள் இடவலம் மாற்றி எழுதுவதைக் காட்டினார்கள். மாலையில் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் அந்த ஆசிரியை அதே நோட்டோடு வந்து நின்றார். என்னைப் போல் நீங்களும் ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ நடத்துகிறவர்கள் முதலில் தட்டவேண்டிய கதவு வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம், அடையாள அட்டை, சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை, பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிப் பயிற்சி எல்லாம் அவர்கள் வழியாகத்தான் நகரும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் தனியாரிடம் இது கிடைக்காது. குறை என்னவென்றால், ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடவேண்டும். ஆகவே அவர் வரும் நாளை வீணாக்காதீர்கள். பிள்ளையைத் தனி அறைக்கு அழைத்துப் போய் முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர் கிளம்பினால், மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லை. வகுப்பாசிரியரோடு வகுப்பிலேயே உட்காரச் சொல்லுங்கள். அவர் செய்வதைப் பார்த்து வகுப்பாசிரியர் பழகிக்கொண்டால், மீதி நாட்களிலும் வேலை நடக்கும்.

தொண்டு நிறுவனங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. கற்றல் குறைபாடு என்றால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன். ஆசிரியர்களுக்கு நீண்ட பயிற்சி தருவதோடு, பள்ளிக்குள்ளேயே துணைக்கல்வி அறை அமைக்கவும் உதவுகிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், 1985 முதல் சென்னையில் இயங்கும் வித்யாசாகர். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம். 1981இல் தொடங்கிக் கிராமங்களுக்குள்ளேயே போய் வேலை செய்து பழகியவர்கள். ஒரே பிள்ளைக்குப் பார்வையும் செவியும் என ஒன்றுக்கு மேற்பட்ட சிக்கல் இருந்தால் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனத்தைக் கேளுங்கள். பெயர் பெரிதா என்று பார்க்காமல், உங்கள் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு அவர்கள் கை பழகியிருக்கிறதா என்று பாருங்கள்.

யாரை அழைத்தாலும் ஒப்புக்கொள்ளும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தமிழ் நோட்டைக் காட்டி, இந்தப் பிழை ஏன் வருகிறது என்று கேளுங்கள். 'கொ' என்று எழுத எழுத்துக்கு முன்னே ஒரு குறி, பின்னே ஒரு குறி. ஆனால் காதில் விழுவது ஒரே ஒலி. ல, ள, ழ மூன்றுக்கும் பேச்சில் வேறுபாடு தேய்ந்துபோன ஊரில் வளர்ந்த பிள்ளை அவற்றை மாற்றி எழுதினால் அது குறைபாடா, பேச்சுப் பழக்கமா? இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் உங்கள் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு உதவமாட்டார். அடுத்து, வகுப்பறைக்குள் வருவீர்களா என்று கேளுங்கள். காதொலிக் கருவி போட்ட பிள்ளைக்கு முன் வரிசையில் இடம் கொடுத்துவிட்டு, கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தும் ஆசிரியரை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர், தன் உதடு அந்தப் பிள்ளைக்குத் தெரியவேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டால் இது புரியாது. கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொன்னால்தான் உறைக்கும். மூன்றாவது கேள்வி, மறுபடி எப்போது வருவீர்கள் என்பது. தேதி சொல்லாதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

தீக்ஷா தளத்தில் ஆசிரியர்களுக்கான இணையவழிப் பாடங்கள் செலவில்லாமல் கிடைக்கின்றன. சட்டமும் சொற்களும் பழக அது போதும். பிள்ளையைக் கையாள அது போதாது.

சொந்தமாக ஒரு சிறப்புப் பயிற்றுநரை முழுநேரம் வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் உறுதியான வழி என்பது என் முடிவு. உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 2022இல் மத்திய அரசு தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 15 பேருக்கு ஒருவர் என்று அளவே சொல்லியிருக்கிறது. அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு இருக்கவேண்டும். அந்தப் பதிவு இன்றைக்கும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் பலர் பார்ப்பதில்லை: அவர் எந்தப் பிரிவில் படித்தவர்? செவித்திறனில் பயிற்சி பெற்றவரை எடுத்துவிட்டு ஆட்டிசம் உள்ள நான்கு பிள்ளைகளை அவரிடம் ஒப்படைப்பது அவருக்கும் அநியாயம், பிள்ளைகளுக்கும் அநியாயம். ஒரு பள்ளியால் சம்பளம் கட்டுப்படியாகாவிட்டால் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு சேர்ந்து நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்படியே விடுப்பு எடுத்த ஆசிரியருக்குப் பதிலாக அவரை வகுப்புக்கு அனுப்பமாட்டோம் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் வேலையை விட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

பெற்றோரே சம்பளம் கொடுத்துப் பிள்ளையோடு ஒரு துணை ஆசிரியரை அனுப்பவேண்டும் என்று சொல்லும் பள்ளிகள் நகரங்களில் பெருகிவருகின்றன. நான் இதை ஏற்பதில்லை. பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்வதும் தேவையான வசதி செய்துகொடுப்பதும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி நிலையங்கள் மேல் வைத்திருக்கும் பொறுப்பு. அதைத் தாயின் பணப்பைக்குத் தள்ளக்கூடாது. மேலும், துணைக்கு ஒருவர் ஒட்டியே உட்கார்ந்தால் வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்புவதே குறைந்துவிடும், மற்ற பிள்ளைகளும் அவனோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். சில பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் இது தேவைப்படலாம். அப்போதும் என்றைக்கு விலக்கிக்கொள்வோம் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே பேசுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஜூனிலேயே தொடங்குங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை கிடைக்க மருத்துவச் சான்று வேண்டும், விண்ணப்பம் பள்ளி வழியாகப் போகவேண்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்தபிறகு ஓடிவரும் பெற்றோரின் முகத்தைப் பார்த்தவன் நான். அந்தப் பையனின் நான்காம் வகுப்பு நோட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். மதிப்பீடு செய்கிற மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.