கிரகணம் வளைத்த காலா?

பிறந்த குழந்தையின் பாதம் உள்பக்கமாக மடங்கி, குதிகால் மேலே ஏறி இருந்தால், சின்னசேலம் பக்கத்தில் முதல் விசாரணை தாயிடம்தான். "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா? அரிவாள்மனையைத் தொட்டியா?" பிரசவ வலி தீரும் முன்பே பழி வந்துவிடுகிறது.

இந்தக் குறைக்குப் பெயர் வளைபாதம். உலகம் முழுக்க ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு. கிரகணம் ஆணா பெண்ணா என்று பார்த்தா பிடிக்கும்? சில குடும்பங்களில் மரபணுவின் பங்கு தெரிந்திருக்கிறது. பெரும்பாலும் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. கிரகணத்தன்று தாய் வெளியே போனதோ அரிவாள்மனையைத் தொட்டதோ காரணமல்ல என்பது மட்டும் நிச்சயம்.

"எண்ணெய் போட்டு உருவிவிட்டா நேராயிடும்" என்கிற பாட்டிகள் முழுப் பொய் சொல்லவில்லை. கருப்பையில் இடநெருக்கடியால் மடங்கிய பாதமும் உண்டு. விரலால் லேசாகத் தள்ளினாலே நேராகும். சில வாரங்களில் தானாகவே சரியாகும். பெயர் எண்ணெய்க்குப் போய்விடும். உண்மையான வளைபாதம் அப்படித் தள்ளினால் வராது. தசைநார்கள் இறுகிக் கிடக்கும். உருவிக்கொண்டே இருந்தால், பாதம் இளகலாக இருக்கும் முதல் மாதங்கள் வீணாகும்.

"பெரிய ஆபரேஷன்தான் வழி" என்பது படித்தவர்களின் நம்பிக்கை. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். ஸ்பெயினிலிருந்து அமெரிக்காவின் அயோவாவுக்குப் போன இக்னாசியோ பொன்செட்டி, கையால் மெல்லத் திருத்தி மாவுக்கட்டுப் போடும் முறையை 1963இல் வெளியிட்டார். முப்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவரிடம் குழந்தையாகச் சிகிச்சை பெற்றவர்களைச் சராசரி 34 வயதில் பரிசோதித்த ஆய்வு 1995இல் வந்தது: 78 சதவீதம் பேருக்குப் பாதம் நன்றாக இருந்தது. பிறவிக் குறை இல்லாதவர்களிடமே அந்த அளவு 85 சதவீதம்தான்! 2004இல் அயோவாவிலிருந்து வந்த இன்னோர் ஆய்வில் 157 குழந்தைகள். பெரிய அறுவை தேவைப்பட்டது நான்கு பேருக்கு.

கட்டு பாதத்திலிருந்து தொடை வரை போகும், முழங்கால் மடங்கியிருக்கும். வாரம் ஒருமுறை பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, புதுக்கட்டு. பெரும்பாலும் ஐந்தாறு கட்டு. கடைசியில் பல குழந்தைகளுக்குக் குதிகால் நரம்பில் சின்னதாக ஒரு வெட்டு, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வார்கள். நாம் நரம்பு என்றாலும் அது தசைநார், மூன்று வாரத்தில் கூடிவிடும். வீட்டில் கவனிக்க வேண்டியது கால்விரல்களை. அழுத்திவிட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். விரல்கள் கட்டுக்குள் மறைந்தால் கட்டு நழுவிவிட்டது. அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

என் கணக்கில் கிரகணத்தைவிட ஆபத்தான நம்பிக்கை ஒன்று உண்டு: "கட்டுப் பிரிச்சாச்சு, கால் நேராச்சு, முடிஞ்சது." முடியவில்லை. இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் இணைத்த பட்டை இனிமேல்தான் ஆரம்பம். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். பிறகு நாலு வயது வரை தூங்கும்போது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கட்டுப் போட வாராவாரம் இறங்கி வருவதென்றால் ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகும். அதைத் தாங்கிய குடும்பம்கூட, "பச்சைப்பிள்ளைக்கு விலங்கா?" என்று உறவினர் கேட்டதும் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். குழந்தை அழுவது முதல் சில இரவுகள்தான். இரண்டு காலையும் சேர்த்து உதைக்கப் பழகியதும் அடங்கிவிடும். நேரான கால் மறுபடி வளைவதற்கு முக்கியக் காரணம் பட்டையை விட்டதுதான் என்று அதே 2004 ஆய்வு சொல்கிறது.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் வளைபாதமும் இருக்கிறது, சிகிச்சை இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ, சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். "ரெண்டு வயசாயிடுச்சு, இனி என்ன?" என்று இருந்துவிட வேண்டாம். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் மாவுக்கட்டு பலன் தரும்; கட்டுகளின் எண்ணிக்கை கூடலாம். மறுபடி வளைந்தால் முதலில் மீண்டும் கட்டுதான். அதற்கும் மசியாவிட்டால், இரண்டரை வயதுக்கு மேல் ஒரு தசைநாரை இடம் மாற்றித் தைப்பார்கள்.