மாதிரி வேகம் எவ்வளவு வேண்டும்?

ஆலையில் பம்பை ஓட்டும் ஒரு மோட்டாரின் உஷ்ணத்தையும், குழாயிலுள்ள அழுத்தத்தையும், பேரிங்கின் அதிர்வையும் கணினியில் பதிவு செய்ய விரும்புகிறவர், டேட்டா அக்விசிஷன் கருவிகளின் விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பாக, தாம் அளக்கப்போகும் ஒவ்வொன்றும் எத்தனை விரைவில் மாறக்கூடியது என்பதை நிர்ணயித்துக்கொள்வது அவசியம்.

ஹாரி நைக்விஸ்ட் 1928-லும் கிளாட் ஷானன் 1949-லும் வெளியிட்ட ஆராய்ச்சிகளின் சாரமாக இன்று நமக்குக் கிடைத்திருக்கும் விதி, சமிக்ஞையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்பது. அதிர்வு ஆராய்ச்சியில் 2.56 மடங்கு என்பது வழக்கம். இவ்விதியை மீறுவதால் விளைவது வெறும் நுட்பக் குறைவு அன்று, பொய்த் தகவல். நிமிஷத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும் மோட்டாரின் தண்டு விநாடிக்கு 24 முறை சுழல்கிறது. விநாடிக்கு 1,000 மாதிரி மட்டும் எடுக்கும் கருவியில், வேறெங்கிருந்தோ வரும் 976 ஹெர்ட்ஸ் அதிர்வு, அதே 24 ஹெர்ட்ஸாகவே பதிவாகும். அதைக் கண்ட பொறியாளர் ரோட்டரின் சமநிலை கெட்டுவிட்டதென்று தீர்மானித்து, குற்றமற்ற மோட்டாரைப் பிரித்துப் போடுவார். இவ்வாறு பதிவில் புகுந்துவிட்ட போலி அலையைப் பிற்பாடு எந்தக் கணக்காலும் பிரித்தெடுக்க இயலாதாகையால், மாதிரி எடுப்பதற்கு முன்பே அதைத் தடுக்கும் வடிகட்டி பிரதானமாகிறது.

மூன்று கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆர்டுயினோ, ராஸ்பெரி பை முதலிய பலகைகளோடு இணைக்கும் ஏடிஎஸ் 1115 என்ற சிப், 16 பிட் நுட்பமும் விநாடிக்கு 860 மாதிரி என்ற உச்ச வேகமும் உடையது. அதன் மிகச் சிறிய வீச்சில் ஒரு படி ஏறத்தாழ 8 மைக்ரோவோல்ட். கே வகைத் தெர்மோகப்பிள் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தருவதால், டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அது காட்டும். மெல்ல மாறும் உஷ்ணத்துக்கு இது தாராளம்.

நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் யூஎஸ்பி-6009, 14 பிட் நுட்பத்தோடு விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும். ஆனால் இது எல்லாச் சானல்களும் பங்கிட்டுக்கொள்ளும் மொத்த வேகம் என்பதையும், நான்கு சானல்களை உபயோகித்தால் ஒவ்வொன்றுக்கும் 12,000 தான் கிட்டும் என்பதையும், ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படுவதால் அவை ஒரே கணத்தின் அளவுகள் ஆகமாட்டா என்பதையும் வாங்குகிறவர் மறக்கலாகாது. அழுத்தத்துக்கு இது உகந்தது. போலி அலையைத் தடுக்கும் வடிகட்டி இதில் இல்லாமையால் பேரிங் ஆராய்ச்சிக்கு உகந்ததன்று.

அதே நிறுவனத்தின் என்ஐ-9234, நான்கு சானல்களிலும் ஏககாலத்தில், ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 51,200 மாதிரிகளை 24 பிட் நுட்பத்தோடு எடுக்கிறது. வடிகட்டி உள்ளேயே அமைந்திருப்பதோடு, அதிர்வு சென்சாருக்கு வேண்டிய மின்சாரத்தையும் தானே அளிக்கிறது. பேரிங்கின் பழுது கிலோஹெர்ட்ஸ் பிரதேசத்தில் எழுப்பும் ஒலிப்பைப் பிடிக்க இதுவே தக்க சாதனம். எனினும் மாதிரிக்கு 4 பைட் வீதம் சேமித்தால் ஒரு நாளில் சுமார் 70 ஜிகாபைட் குவியும் என்பதால், இடைவிடாமல் பதிவு செய்வதைவிட, குறித்த இடைவேளைகளில் சில விநாடிகள் பதிவு செய்வதே விவேகம்.

ஆகவே, எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த கருவியைத் தேடாமல், உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் மலிவான சாதனங்களிடம் ஒப்படைத்து, அதிர்வுக்கு மட்டும் தாராளமாகச் செலவிடுவதே முறை. பணம் போதவில்லையென்றால் சானல்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்; வடிகட்டியை மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது.