கூரைமேல் கதிரவன்

நெய்யாற்று அணைக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கேரள மலையூர் அம்பூரி. அங்கு வீடு கட்டும் ஒருவர் கூரைமேல் சூரியத் தகடு அமைக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். "வெயிலுக்குமா அனுமதி?" என்பார் அவர். வெயிலுக்கு வேண்டுவதில்லை, கட்டடத்திற்கும் மின்கம்பிக்குமே வேண்டும்.

முதலாவது, கட்டடம். 2019-ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிக் கட்டட விதிகளின்படி ஊராட்சியின் அனுமதி பெறவேண்டும். 2001-இல் நிலச்சரிவால் பலர் மாண்ட ஊர் அது. தகட்டின் எடையையும் காற்றின் விசையையும் வரைபடத்திலேயே கணக்கிடுவது அறிவுடைமை.

இரண்டாவது, வெப்பம். வீடுகளுக்கென 2018-இல் வெளிவந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் நெறி, சுவர், சன்னல், கூரை வழியே புகும் வெப்பத்திற்கு வரம்பு கூறுகிறது. வெப்பம் குறைந்தால் மின்தேவையும் குறையும். சிறிய தகடே போதும்.

மூன்றாவது, மின்னிணைப்பு. 2024-இல் திருத்தப்பட்ட நடுவண் விதிகள், 10 கிலோவாட் வரையிலான கூரை அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு வேண்டா என்றன. ஆயினும் மின்வாரியத்திடம் விண்ணப்பித்தலும், மீட்டர் பொருத்துதலும், பாதுகாப்பு விதிகளும் நீங்கவில்லை.

ஏன்? மழையில் கம்பி அறுகிறது. மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று நம்பி ஊழியர் கம்பத்தில் ஏறுகிறார். அவ்வேளை ஒரு வீட்டுத் தகட்டின் மின்சாரம் கம்பியில் பாய்ந்தால் அவர் உயிர் என்னாவது? ஆகவேதான், வெளியே மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரும் தானே இணைப்பைத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

நாளைய பொறியாளர்களே, விண்ணப்பத்தாளை நிரப்பும்போது அலுப்புத் தோன்றினால், கம்பத்தின்மேல் நிற்கும் அம்மனிதரை நினையுங்கள்.